பணிவிடையும் பத்துப் பிராணன்களும்

கொல்லாமையைப் பற்றி நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும், கிழங்கு வகைகளை விலக்குவதும் நம் இல்லங்களில் தாய்ப்பாலுடன் ஊட்டப்படுபவை. எறும்புச் சாரை கண்டால் துடைப்பத்தை நிறுத்திவிடும் பாட்டிமாரை இன்றும் நம் ஊர்களில் காணலாம். ஆயினும், பிற உயிருக்குச் செய்யும் ஊறு எது என்னும் வினாவுக்கு எழுபது அகவை கடந்த பின்னர் எமக்கொரு புதிய விடை கிடைத்தது. அதனைக் கற்பித்தவர் முனிவரும் அல்லர், பண்டிதரும் அல்லர். மாதச் சம்பளத்துக்கு எம் இல்லம் வந்த இருபத்தாறு வயது இளைஞர் அவர். உடற்குறையுடையோர்க்கு உதவுவதைத் தொழிலாகப் பயின்றவர். சமணரும் அல்லர்.

எம் தமக்கையாரின் மகன் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உடையவர். கைகால்கள் அவர் எண்ணியபடி இயங்கா. கழுத்து ஒருபுறம் சாயும், பேச்சு குழறும். அறிவில் குறையொன்றும் இல்லை. இன்று அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தமக்கையார் மறைந்த பின் எம்முடன் வாழ்ந்து வருகிறார். 'தம்பி' என்றே அழைத்துப் பழகியதால் இங்கும் அவ்வாறே குறிப்போம். முழங்கால் தேய்ந்து, அவரைத் தூக்குவது இயலாமற் போன பின்னரே ஓர் உதவியாளரை அமர்த்தும் எண்ணம் எமக்கு வந்தது. "வீட்டுப் பிள்ளையைக் கூலியாள் கையில் விடுவதா?" என்று உறவினர் கேட்டனர். அந்த நாணம் எமக்கும் இருந்தது, மறைப்பதற்கில்லை.

அவர் வந்த முதல் நாள், தம்பி எப்போது உறங்குவார், எவ்வளவு உண்பார், எது பிடிக்கும், எது பிடிக்காது என்பனவற்றையெல்லாம் வாயிலிலேயே நிறுத்தி ஒப்பித்தோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னர் உள்ளே சென்று, பாயில் கிடந்த தம்பியின் கண்மட்டத்துக்குத் தரையில் அமர்ந்து, தம் பெயரைச் சொல்லி, "அண்ணா, உங்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கலாமா? இப்பவே வேணுமா, அப்புறமா?" என்று வினவினார். "இப்போதே வைக்கலாம்" என்று யாம் முந்திக்கொண்டோம். "அம்மா, அவரே சொல்லட்டுமே" என்றார். அச்சொல்லில் கடுமை சிறிதும் இல்லை. பின்பு காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தின் ஓசை தனியே கேட்டது. தம்பியின் உதடுகள் அசைந்து, தொண்டை திரண்டு, ஒலி பிறக்க ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. "அப்புறம்" என்றார்.

வினாவைத் தொடுத்த ஆசிரியர் விடைக்குப் பொறுத்திருக்க வேண்டும் என்பதனை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யாம் கற்றோம். பாடக்குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் பெற்றோம். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் ஓரளவு கடைப்பிடிக்கவும் செய்தோம். இல்லத்தில் ஒருநாளும் செய்ததில்லை. தம்பியிடம் எவர் எது கேட்டாலும் விடை எம் வாயிலிருந்தே வந்தது. அதனை அன்பு என்று எண்ணியிருந்தோம்.

இனி, ஆகமம் கூறுவதைச் சிறிது நோக்குவோம். உயிர் அழிவில்லாதது, அதனை எவராலும் அழித்தல் இயலாது. எனின், ஹிம்சை என்பது எதனை அழிப்பது? உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இதற்கு விடை தருகிறார். சோர்வும் கஷாயமும் கலந்த மன, மொழி, மெய்களின் இயக்கத்தால் பிராணன்களைப் பிரிப்பதே ஹிம்சை என்பது அதன் கருத்து. பிராணன்கள் பத்து என நம் பிள்ளைகளும் ஒப்பிப்பர். பொறிகள் ஐந்து, மனபலம், வசனபலம், காயபலம் என பலங்கள் மூன்று, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று. கொல்லாமை என்றவுடன் நம் நினைவு பட்டியலின் இறுதியில் உள்ள உயிர்ப்புக்கும் ஆயுளுக்குமே ஓடுகிறது. நடுவில் நிற்கும் மூன்று பலங்களை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கத்தியெடுத்தவன் மட்டுமா பிராணனைப் பிரிக்கிறான்? மெல்லப் பேசுகிறவருக்காக விரைந்து பேசுகிறவர் அவர்தம் வசனபலத்தைத் தொடுகிறார். நடுங்கும் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்பவர் காயபலத்தைத் தொடுகிறார். கேளாமலே முடிவெடுப்பவர் மனபலத்தைத் தொடுகிறார். கருணையோடு செய்தாலும் அது சோர்வின் வயப்பட்ட செயலே. ஏனெனில் அங்கு நாம் அவரைக் காணவில்லை, வேலை முடிவதைக் கண்டோம்.

'இது மிகைப்படக் கூறல். ஊட்டுவதும் கொல்லுவதும் ஒன்றாகுமா?' என்று சிலர் வினவக்கூடும். ஒன்றென யாம் கூறவில்லை. ஹிம்சைக்குப் படிகள் உண்டு. ஓரறிவுயிர்க்கு இழைப்பதையும் ஐயறிவுயிர்க்கு இழைப்பதையும் நாமே வேறுபடுத்துகிறோம். ஆனால் பச்சைப்பயிற்றில் வண்டு இருக்குமோ என்று சுளகில் பரப்பி ஒவ்வொன்றாய் நோக்கும் நாம், இல்லத்து மூலையில் அமர்ந்திருப்பவரின் பத்துப் பிராணன்களுள் மூன்று நாள்தோறும் தேய்வதை நோக்கவில்லை என்பது பெருங்குறையன்றோ?

அவ்விளைஞர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே கூறுவோம். அது கைத்திறன் மிக்க வேலை. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் உண்பவர் தலையை அண்ணாக்க நேரும். அண்ணாந்து விழுங்கினால் உணவு மூச்சுக்குழலில் புகும். ஆகவே எதிரே, கண்மட்டத்தில் அமர வேண்டும். உண்பவரின் மோவாய் சற்றே தாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரு வாய் விழுங்கியதைக் கண்ட பின்னரே அடுத்த வாய். உண்டபின் அரைமணி நேரமேனும் நிமிர்ந்திருக்கச் செய்தல் வேண்டும். யாம் நாற்பதாண்டுகள் நின்றுகொண்டே ஊட்டினோம். தம்பிக்கு அடிக்கடி புரையேறியதை அவருடைய நோயின் இயல்பென்றே கருதினோம்.

ஊட்டுவதோடு அவர் நிற்கவில்லை. கரண்டியின் கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினார். விளிம்புயர்ந்த தட்டொன்றை வாங்கச் செய்து, நழுவாதிருக்க ஈரத்துணியின்மேல் வைத்தார். தம்பியின் முழங்கைக்கு ஒரு தலையணை கொடுத்தார். "நீங்களே சாப்பிடுங்க அண்ணா, நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்றார். முதல் நாள் பாதிச் சோறு மடியில் விழுந்தது. எம் கை பலமுறை நீண்டது. அவர் எம்மைப் பார்ப்பார், யாம் கையை மடக்கிக்கொள்வோம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டுதல், தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுதல், நீராட்டும்போது துண்டினால் மறைத்தல் ஆகியவை யாவும் அவர்தம் பயிற்சியில் அடங்குவன. ஆனால் அவரிடம் யாம் கண்ட அரிய திறன் கையை வாளாவிருக்கச் செய்தலே. துறவியர்க்கு ஓதப்பட்ட மனகுப்தி, வசனகுப்தி, காயகுப்தி என்னும் மூவகை அடக்கங்களின் சாயலை அவரிடம் கண்டோம். துறவற ஒழுக்கத்தை இல்லறத்தார்மீது ஏற்றிக் கூறுவது குற்றமாயின் சான்றோர் பொறுப்பாராக.

இரண்டாம் மாதத்தில் ஒரு பலகை கொண்டுவந்தார். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் மெய்யெழுத்துகள் பதினெட்டும் கட்டங்களில் பெரிதாக எழுதப்பட்டது. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தொட்டால் உயிர்மெய் ஆகிவிடும். "இவருக்கு எழுத்து தெரியாதே" என்றோம். தம்பி பள்ளிக்குச் சென்றவர் அல்லர். அக்காலத்தில் எப்பள்ளியும் அவரைச் சேர்த்திராது என்பது உண்மை. சேர்க்கும்படி யாம் எவரையும் கேட்கவில்லை என்பதும் உண்மை. இளைஞர் பலகையைச் சாய்த்துப் பிடித்தார். தம்பியின் விரல் தடுமாறித் தடுமாறி ஒவ்வொரு கட்டமாகச் சென்றது. 'திண்ணை' என்று வந்தது. எம் வீட்டுத் திண்ணையில் பல்லாண்டுகள் மாலை நேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை வைத்துப் பாடம் சொன்னோம். மூலையில் பாய்விரித்துத் தம்பியைக் கிடத்தியிருப்போம், காற்றாட இருக்கட்டும் என்று. பிள்ளைகள் கற்றபோது அவரும் கற்றிருக்கிறார். எழுத்தறிவித்தலைச் சாத்திர தானம் என்று கூட்டங்களில் பேசிய யாம், எழுத்தறிந்த ஒருவரை எழுத்தறியாதவராகவே நாற்பதாண்டு வைத்திருந்தோம். இதனை எழுதுவது எளிதாக இல்லை.

"அது அவன் செய்த வினை" என்று கூறிச் செல்வோர் நம்முள் உளர். வினைக்கொள்கையை மறுப்பாரல்லேம். உடலின் அமைப்பு நாம கர்மத்தால் வருவது. துன்பம் அசாதா வேதநீயத்தால் வருவது. ஆனால் அதே சூத்திர நூலின் ஆறாம் அத்தியாயம், எல்லா உயிர்களிடத்தும் இரக்கங்கொள்ளுதலைச் சாதா வேதநீயம் சேர்வதற்குரிய காரணங்களுள் முதலில் வைத்துள்ளது. அவர் வினை அவரைச் சாரும். அவரைக் கண்டும் காணாதிருக்கும் நம் வினை நம்மைச் சாரும். மேலும், கண்ணொளி இழந்த மனிதர் ஐயறிவிலிருந்து நான்கறிவுக்கு இறங்கிவிடுகிறாரா? இல்லை. பழுதுற்றது புறக்கருவி, உயிரின் இயல்பாகிய அறிவுக்கு எல்லையில்லை என்பதன்றோ நம் சமயத்தின் உயிர்நாடி? அதனை ஜினாலயத்தில் ஒப்புக்கொண்டு, திண்ணையில் மறந்துவிடுகிறோம்.

எம் உறவினருள் ஆகமப் பயிற்சியுடைய பெரியவர் ஒருவர் வேறொரு தடை எழுப்பினார். பணிவிடையை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக, வையாவிருத்தியம் என்று வைத்தது உண்மையே. ஆயினும் அது ஆசாரியர் முதலாகிய பதின்மர்க்குத் துறவியர் செய்வது. கூலிக்குச் செய்யும் வேலைக்கு அப்பெயர் பொருந்தாது என்றார். பதின்மருள் நோயுற்ற முனிவரும் ஒருவர் என்பதை அவரே சொன்னார். இலக்கணப்படி அவர் கூற்று சரி. யாம் வேறொன்றைக் கண்டோம். அகத்தவங்களின் வரிசையில் முதலாவது பிராயச்சித்தம், இரண்டாவது விநயம், மூன்றாவதே வையாவிருத்தியம். குற்றத்தை உணர்ந்து கழுவுதலும் பணிவும் பணிவிடைக்கு முன் நிற்கின்றன. பணிவின்றிச் செய்த பணிவிடையே எம்முடையது. அவ்விளைஞரோ பணிவிலிருந்து தொடங்கினார்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதான நிர்விசிகித்சைக்கு, அதாவது அருவருப்பின்மைக்கு, எடுத்துக்காட்டாகிய உத்தாயண மன்னன் கதை நம் இல்லங்களில் அறியாதாரில்லை. தேவனொருவன் நோயுற்ற முனிவராக வந்து, உண்ட உணவை மன்னன்மீதும் அரசிமீதும் உமிழ்ந்தான். மன்னன் முகஞ்சுளிக்கவில்லை என்பதையே நாம் வழக்கமாகப் போற்றுகிறோம். யாமும் பல்லாண்டு அவ்வாறே சொல்லிவந்தோம். இப்போது அக்கதையின் வேறோர் இடம் எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒவ்வாத உணவை இட்டுவிட்டேனே என்று மன்னன் தன்னையே நொந்துகொண்டான் அல்லவா? குறையை நோயாளியிடம் தேடாமல் தன் பரிமாறலில் தேடினான். புரையேறியதைத் தம்பியின் நோய் என்றே எண்ணியிருந்த எமக்கு அக்கதை எழுபது வயதுக்கு மேல்தான் விளங்கிற்று.

கூலி பற்றியும் ஒரு சொல். மாதந்தோறும் சம்பளம் பெற்றே யாம் பாடம் சொன்னோம். அதனால் அது கல்வி அன்று என எவரும் கூறவில்லை. உடலுதவிக்கு மட்டும் கூலி இழிவாகத் தோன்றுவது ஏன்? எம் கணிப்பில், கூலியினால் தம்பிக்கு ஒரு நன்மையே விளைந்தது. எம்மிடம் அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. அந்த இளைஞரிடம் நீர் சூடு போதாது என்பார். சட்டை உறுத்துகிறது என்பார். ஒருமுறை சினந்து பலகையைத் தள்ளியும் விட்டார். எமக்குக் கடன்பட்டவராகத் தம்மைக் கருதியதால் எம்மிடம் வாய் திறக்கவில்லை. நன்றிக்கடன் அவர் வாயை அடைத்திருந்தது. சம்பளம் கொடுக்கப்படும் இடத்தில் அக்கடன் இல்லை. அன்பு வேண்டாம் என்பதன்று. அன்புடையாரிடம் வாதிடுவது கடினம் என்பதே. அமெரிக்க நாட்டின் பெர்க்லி நகரில், இளம்பிள்ளைவாதத்தால் கைகால் இயக்கமிழந்து, இரும்பு நுரையீரல் என்னும் பொறிக்குள் உறங்கியபடியே 1962ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் புகுந்தவர் எட் ராபர்ட்ஸ். அவரும் தோழர்களும் 1972ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய மையம், உதவியாளரை அமர்த்துவதும் வேலை சொல்வதும் உதவி பெறுவோர் கையிலேயே இருத்தல் வேண்டும் என வற்புறுத்தியது. அதனைப் படித்தபோது எமக்கு வியப்பாக இருந்தது. தம்பியைப் பார்த்தபின் வியப்பு நீங்கிற்று.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. மிகுந்த உதவி தேவைப்படுவோர்க்கு அளிக்கும் உதவியை வரையறுக்குமிடத்து, குளிப்பாட்டுதல் ஊட்டுதலோடு நில்லாமல், தாமே தெளிந்து முடிவெடுப்பதற்கான உதவியையும் அச்சட்டம் சேர்த்துள்ளது. மனபலம் என்று நாம் சொல்வது அதுவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் மட்டும் உடற்குறை, மனக்குறை உடையோர் 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு திண்ணை மூலை உண்டு என்றுதான் கொள்ள வேண்டும்.

நம் சமயத்தார் இத்துறையில் வாளாவிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டினையொட்டி 1975ஆம் ஆண்டில் டி. ஆர். மேத்தா அவர்கள் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, இலட்சக்கணக்கானோர்க்குச் செயற்கைக்கால் பொருத்தியுள்ளது. எம்மைக் கவர்ந்தது அக்காலின் அமைப்பு. கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் அதனை உருவாக்குமுன் கிடைத்த மேனாட்டுக் கால்கள், காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோர்க்கு ஏற்றவை. நம் உழவரோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர், குத்துக்காலிட்டு அமர்பவர், சம்மணமிட்டு உண்பவர், கோயிலுக்குள் காலணியின்றிச் செல்பவர். இவற்றையெல்லாம் செய்யும்படி அக்காலை அமைத்தனர். பெறுபவர் எவ்வாறு வாழ்கிறார் என்று கேட்ட பின்னரே கொடுத்தனர் என்பதே இதன் சிறப்பு.

அஹிம்சா அணுவிரதத்துக்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களை நினைவுகூர்க. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஆடுமாடுகளுக்கும் ஏவலர்க்கும் இழைப்பவை என்றே இவற்றை விளக்குவது வழக்கம். உடற்குறையுடையோர் வாழும் இல்லங்களில் இவற்றைத் தேடிப் பாருங்கள். விழுந்துவிடுவார் என்று புடவைத் தலைப்பால் கட்டிலோடு கட்டுதல் முதலாவது. கடைசியானதை யாமே செய்தோம். திருமணத்துக்கோ தேர்த்திருவிழாவுக்கோ தம்பியை அழைத்துச் செல்வதாயின், முந்திய இரவிலிருந்தே நீரைக் குறைப்போம். சென்ற இடத்தில் கழிவறைத் தொல்லை வேண்டாம் என்று. எவரும் அதனைத் தவறென்று கூறியதில்லை. பல வீடுகளில் இதுவே நடைமுறை. சிறுநீர் அடர்ந்து இறங்குவதைக் கண்டு, "அண்ணாவுக்குத் தண்ணி யார் குறைச்சது?" என்று அவ்விளைஞர் கேட்டபோதுதான், அது அன்னபான நிரோதம் என்னும் பெயருடையது என்பது எமக்கு உறைத்தது. அதிசாரங்களை ஒப்பிக்கத் தெரிந்த நாவு, அன்று ஒன்றும் பேசவில்லை.

மிகைச்சுமை ஏற்றுதலை மறவாதிருப்போம். அதனை நாம் உதவியாளர்க்கே இழைக்கிறோம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம், வார விடுப்பின்றி, அறுபது கிலோ எடையைத் தனியாளாகத் தூக்கும் ஒருவர்க்கு முதுகு எத்தனை ஆண்டு தாங்கும்? எம் இல்லத்தில் முதல் ஆறு திங்கள் அவருக்கு ஒருநாளும் விடுப்பில்லை. அவர் கேட்கவில்லை, யாம் நினைக்கவில்லை. இப்போது ஞாயிறு தோறும் மற்றொருவர் வருகிறார். செலவு கூடியது உண்மை.

இனி, எமக்கு இன்றும் முற்றத் தீராத ஒரு சிக்கலைக் கூறி அமைவோம். யாம் ஊட்டியபோது தம்பி உண்டு முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. தாமே உண்டால் ஒரு மணிநேரம். கார்த்திகை மாதத்தில் எம் ஊரில் ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். இத்தனை ஆண்டுகள் எம் இல்லத்தில் இரவுணவு விலக்கல் வழுவின்றி நடந்தது என்றால், அதற்கு விரைந்து ஊட்டிய எம் கையும் ஒரு காரணம். சென்ற கார்த்திகையில் ஒருநாள் மழை. பேருந்து தாமதித்து இளைஞர் பிந்தி வந்தார். தட்டில் பாதி இருக்கையில் பொழுது சாய்ந்தது. வழக்கம்போல் யாம் தட்டை எடுக்கச் சென்றோம். இளைஞர் எம்மைத் தடுக்கவில்லை. தம்பியிடம், "அண்ணா, பொழுது போயிடுச்சு. அம்மா தட்டை எடுக்கணுங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். தம்பியின் விரல் பலகையில் 'பசி' என்று காட்டியது. பின் கரண்டியைப் பற்ற முயன்றது. யாம் உள்ளே சென்றுவிட்டோம்.

அன்றிரவு உறக்கமில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்குக் காரணம் என்று கற்றவர் நாம். இருட்டியபின் எம் இல்லத்தில், எம் பொருளில், எம் கண்முன் ஒருவர் உண்பதற்கு உடன்பட்டோமாயின் எம் நோன்பு என்னாவது? மறுபுறம், விரதம் என்பது ஒருவர் தாமே மனமுவந்து விலகுதல். அவர் கேளாமலே அவர் வாயில் யாம் காத்த நோன்பு எவருடைய நோன்பு? அது எம் நோன்புக்கு அவர் உடலைக் கருவியாகக் கொண்டதன்றி வேறென்ன? மேற்குறித்த பெரியவரைக் கேட்டோம். "நோயாளிகளுக்கு விலக்கு உண்டம்மா, கவலைப்படாதே" என்றார். அன்பினால் சொன்னார். ஆனால் தம்பி நோயாளி அல்லர். அவர் ஒரு சிராவகர். விரதம் கொள்ளவும் கொள்ளாதிருக்கவும் உரிமையுடையவர். விலக்கு அளிப்பதும் அவரைக் கேளாமல் முடிவெடுப்பதே ஆகும் என்று எமக்குத் தோன்றியது.

மறுநாள் முதல் மாலை நான்கரைக்கே தட்டு வைக்கப்படுகிறது. இளைஞரின் நேரமும் அதற்கேற்ப மாறியது, ஊதியமும் மாறியது. பெரும்பாலான நாள்களில் வெளிச்சம் இருக்கும்போதே உண்டு முடிகிறது. சில நாள்களில் முடிவதில்லை. அந்நாள்களில் யாம் தட்டருகே செல்வதில்லை. எம் மனம் அமைதியாக இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை.

சில வாரங்களுக்கு முன் தம்பி பலகையைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் தொட்டுத் தொட்டு, 'தசலட்சணம் பத்து நாள்' என்று காட்டினார். இரவுணவு விலக்கலைத் தாமே அப்பத்து நாள்களுக்கு மேற்கொள்வதாகப் பொருள். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம், ஒரு கால எல்லைக்குக் கொள்வது நியமம் என்று நூல்கள் வகுக்கின்றன. தம்பி நியமத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் தாமாக எடுத்த முதல் விரதம் இதுவே. தசலட்சணம் வரும் நாள்களில் பொழுது சாய ஆறு மணிக்கு மேலாகும் என்பதையும் கணக்கிட்டே தேர்ந்தெடுத்தாரோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. கேட்டோம். சிரித்தார், பலகையைத் தொடவில்லை.